வாசகர் கேள்வி: காலுக்குள் மழையா, வியர்வையா?

மாரி தொடங்கிவிட்டதை எனக்கு வானிலை அறிக்கை சொல்லத் தேவையில்லை, வருகிற கேள்விகளே சொல்லிவிடும். இந்த முறை பாதிக்கு மேல் கால் பற்றித்தான். ஈரக் கால், விறைத்த கால், மணக்கிற கால், புண் வந்த கால். அதற்குள் ஒரு அம்மா கனடாவில் இருக்கிற மகனின் காலைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அதைத்தான் முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அந்தக் கால் ஒரு காலத்தில் என்னுடையதாகவும் இருந்தது.

கேள்வி: என் மகன் வட ஒன்ராறியோவில் வேலை செய்கிறான். சனி, ஞாயிறுகளில் கூட்டாளிகளோடு ஸ்னோமொபைலில் சுற்றப் போகிறான். ஒவ்வொரு முறையும் கால் நனைந்து விறைத்துப் போய்த்தான் வீட்டுக்கு வருகிறானாம். தடித்த மேசு (காலுறை) மூன்று சோடி போட்டும் சரிவரவில்லை. இங்கிருந்து என்ன அனுப்பலாம்? மேசுக்குள் மிளகாய்த்தூள் தூவினால் சூடு பிடிக்கும் என்று ஒருவர் சொன்னார், உண்மையா? (ஒரு தாய், உப்புவெளி)

பதில்: அக்கா, மிளகாய்த்தூளைக் கறிக்கு அனுப்புங்கள். மேசுக்குள் போட்டால் வருவது சூடு இல்லை, எரிச்சல். வியர்வையில் கரைந்து தோலைப் புண்ணாக்கும், எரிகிற காலை வைத்துக்கொண்டு அது விறைக்கத் தொடங்குவதையும் பிள்ளையால் கண்டுபிடிக்க முடியாது.

ஸ்னோமொபைல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னால் சில்லுக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் டாங்கிக்கு இருப்பது போல ரப்பர்ப் பட்டி, நடுவில் மோட்டார் சைக்கிள் போல ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற பனி வண்டி. கியூபெக் மாகாணத்தில் வல்கூர் என்கிற சின்ன ஊரில் பொம்பார்டியே என்பவர் 1959இல் ஸ்கீ-டூ என்ற பெயரில் சந்தைக்கு விட்ட வண்டிதான் இந்த வகையை ஊரெல்லாம் பரப்பியது. கால் இரண்டும் எஞ்சினுக்குப் பக்கத்தில், நீளமான மிதிபலகையில் இருக்கும். பட்டி கிளப்புகிற பனித்தூள் எல்லாம் அந்தப் பலகையில்தான் வந்து குவியும்.

இனி என் கதை. அதே வட ஒன்ராறியோவில் நோர்த் பே என்ற ஊரில் ஐந்து பனிக்காலம் இருந்தவன் நான். அங்கே நிபிசிங் ஏரி உறைந்ததும் அதன் மேலேயே சின்னக் குடில்கள் போட்டு, ஓட்டை துளைத்து மீன் பிடிப்பார்கள். வேலைத்தலத்தில் ஒரு வயதான மனிதர் என்னையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனார். திருகோணமலைக்காரனுக்குத் தெரிந்த ஒரே வழி, இருப்பதையெல்லாம் போடுவது. பள்ளிக்கூடத்துப் பருத்தி மேசு மூன்று சோடி, அதன் மேல் டெனிம், அதன் மேல் இரவல் சப்பாத்து, கால் உள்ளே இறுகிப் போய்க் கிடந்தது. வழியில் வண்டி ஆழமான பனியில் புதைந்தது. இருபது நிமிடம் தள்ளினேன், வியர்த்து ஊற்றியது, பிறகு மறுபடி ஏறி உட்கார்ந்து காற்றில் ஓட்டம். குடிலுக்குப் போய்ச் சேரும்போது விரல் இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது.

அந்த மனிதர் என் சப்பாத்தைக் கழற்றி, வெளியே கையால் தடவிப் பார்த்தார். காய்ந்த பப்படம் போல இருந்தது. அப்புறம் உள்ளே இருந்த கம்பளி உறையை இழுத்தெடுத்து அடுப்புக்கு மேல் பிடித்து ஒரு முறை பிழிந்தார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். தண்ணீர் வெளியில் இருந்து வரவே இல்லை, எல்லாம் என் சொந்தச் சரக்கு.

உங்கள் மகனுக்கும் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது என்பேன். மூன்று சோடி மேசு போட்டதே ஒரு தப்பு. பருத்தியானால் அது இரண்டாவது தப்பு. பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டு அப்படியே தோலோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீரோ காற்றைவிட 25 மடங்கு கெதியாகச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். கம்பளி அப்படி இல்லை, தன் எடையில் 30 வீதம் அளவுக்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்தது போலத் தெரியாது. ஆகவே தோலோடு ஒட்டி மெல்லிய பொலிப்ரொப்பிலீன் என்கிற செயற்கை நூல் மேசு ஒன்று, அதன் மேல் தடித்த கம்பளி மேசு ஒன்று. அவ்வளவுதான். விரலை உள்ளே ஆட்ட முடிய வேண்டும், முடியாவிட்டால் சப்பாத்து ஒரு அளவு பெரிதாக வேண்டும். இறுக்கினால் இரத்த ஓட்டமும் போச்சு, சூட்டைப் பிடித்து வைக்கிற காற்றும் போச்சு.

இன்னொரு விஷயத்தை மகனிடம் கேளுங்கள்: மேசுகளை எந்த இடத்தில் வைத்து மாட்டுகிறான்? வீட்டிலேயே எல்லாம் மாட்டிக்கொண்டு, ஹீட்டர் போட்ட காரில் ஒரு மணி நேரம் போய் வண்டி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டம் தொடங்கும் முன்பே கால் நனைந்துவிட்டது. காரில் சாதாரண மேசோடு போய், இறங்குகிற இடத்தில் காய்ந்த சோடியை மாற்ற வேண்டும். கால் அதிகமாக வியர்க்கிற ஆளென்றால் அக்குளுக்குப் பூசுகிற வியர்வை அடக்கும் மருந்தை முதல்நாள் இரவு பாதத்தில் பூசினாலும் வேலை செய்யும். சிரிக்காதீர்கள், நான் செய்திருக்கிறேன். மெல்லிய மேசுக்கு மேல் ஒரு பொலித்தீன் பையைப் போட்டு, அதற்கு மேல் கம்பளி மேசு போடுகிற பழைய தந்திரமும் உண்டு. பைக்குள் கால் கசகசக்கும், உண்மைதான், ஆனால் வியர்வை கம்பளியில் ஏறாததால் கம்பளி காய்ந்தபடியே இருக்கும், சூடு தங்கும்.

வெளியில் இருந்து வருகிற தண்ணீருக்கு வழி இரண்டுதான். ஒன்று, சப்பாத்தின் வாய். பனிக்காற்சட்டையின் கீழ்நுனியில் உள்பக்கமாக இன்னொரு துணி உறை, ரப்பர் நாடா வைத்துத் தைத்திருக்கும். அந்த உள் உறை சப்பாத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும், வெளிக்கால் அதற்கு மேலாகத் தொங்க வேண்டும். காற்சட்டையைச் சப்பாத்துக்குள் சொருகுகிறவர்களுக்கு உருகுகிற பனியெல்லாம் நேரே கணுக்காலுக்குத்தான். இரண்டாவது வழி முழங்கால். புதைந்த வண்டியைக் கிண்டி எடுக்க முழங்காலில் நிற்போம், அந்த இடத்தில் துணி நசுங்கி ஈரம் ஊறும். டெனிம் போட்டு ஓட்டுகிறவனானால் நான் இனிப் பேச ஒன்றுமில்லை, அதை அலுமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.

காற்றையும் மறக்கக் கூடாது. வெப்பநிலை மறை 20 பாகை, காற்று மணிக்கு 40 கிலோமீற்றர் என்றால் தோலுக்கு அது மறை 34 போல இருக்கும். அங்கே காற்று வீச வேண்டியதே இல்லை, வண்டி ஓடினாலே அது காற்றுத்தான். ஈரமான காற்சட்டையோடு அந்தக் காற்றில் போவதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தின் உள் உறையைக் கழற்றி எடுத்துக் காயவைக்கிறானா என்று கட்டாயம் கேளுங்கள். பலர் சப்பாத்தை அப்படியே கதவடியில் விட்டுவிடுவார்கள், உறை ஒரு கிழமை ஆனாலும் ஈரம். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் சுருங்கும், கருகும். இளஞ்சூடான காற்றுப் படுகிற இடம் போதும். இரண்டு சோடி உறை வைத்து மாற்றி மாற்றிப் போடுவது இன்னும் நல்லது. ஒரு சோடி காய்ந்த மேசைப் பொலித்தீனில் சுற்றி, பையில் இல்லை, கோட்டுக்குள் உடம்போடு வைக்கச் சொல்லுங்கள். பையில் வைத்தால் எடுக்கும்போது கருவாடு மாதிரி விறைத்திருக்கும்.

கடைசியாக ஒன்று, இது மேசு விஷயம் இல்லை. உறைந்த ஏரியின் மேல் பனிப் பாரம் அழுத்தும்போது வெடிப்புகள் வழியாகக் கீழே இருந்து தண்ணீர் மேலேறும். மேலே பனி போர்வை போலக் கிடப்பதால் அது உறையாமல் கூழாக நிற்கும், பார்த்தால் வெள்ளை நிலம், மிதித்தால் முழங்கால் வரை தண்ணீர். அப்படியான இடத்தில் வண்டியை நிறுத்தினால் புதையும், ஒரே வேகத்தில் ஓடிக் கடந்துவிட வேண்டும். ஏரியில் இறங்க முன் ஐஸின் தடிப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்னோமொபைலுக்குக் குறைந்தது 25 சென்ரிமீற்றர் என்பது கனடாச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிற கணக்கு, அதுவும் தெளிந்த நல்ல ஐஸுக்கு.

இங்கிருந்து அனுப்ப ஒன்றுமில்லை அக்கா. நல்ல கம்பளி மேசு அவன் இருக்கிற இடத்திலேயே கிடைக்கும். மனம் கேட்காவிட்டால் மிளகாய்த்தூளோடு கொஞ்சம் பனங்கட்டியும் வைத்து விடுங்கள்.

கேள்வி: மறை 20 பாகையில் தண்ணீரே இருக்காதே, எல்லாம் உறைந்துதானே கிடக்கும். அப்படியிருக்கக் கால் எப்படி நனைகிறது? (உயர்தர மாணவன், ஓர்ஸ்ஹில்)

பதில்: தம்பி, நல்ல கேள்வி. அந்தக் குளிரில் பனி கோதுமை மா போல இருக்கும், காற்சட்டையில் விழுந்தால் தட்டிவிடலாம், நனைக்காது. நனைக்கிறது வண்டியின் சூடு. தண்ணீரால் எஞ்சினைக் குளிர்விக்கிற வண்டிகளில், சூடான தண்ணீர் பட்டிக்கு மேலே உள்ள தகட்டு வழியாகத்தான் ஓடிக் குளிரும், அதற்குப் பக்கத்தில் இருக்கிற மிதிபலகையில் குவிகிற மா உருகிக் கூழாகும், சப்பாத்தில் ஒட்டும், வண்டியை நிறுத்தியதும் ஐஸாகும். அதனால்தான் பலகையில் ஓட்டை ஓட்டையாக வெட்டியிருப்பார்கள், பனி கீழே விழட்டும் என்று. இதைவிட மோசம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கிற நாட்கள். மறை 20இல் காய்ந்த காலோடு வந்தவன் மறை 1இல் தொப்பலாக வருவான்.

கேள்வி: நான் கிண்ணியாவில் இருந்து திருகோணமலைக்கு ஸ்கூட்டியில் போய்ப் படிப்பிக்கிறேன். மாரியில் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது சப்பாத்துக்குள் வெள்ளம் நிற்கிறது. மழைக்கோட்டு, கம்பூட்ஸ் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். வேறு வழி உண்டா? (ஆசிரியை, கிண்ணியா)

பதில்: டீச்சர், அந்தக் கிண்ணியாப் பாலத்தில் வாடைக் காற்று அடிக்கிறபோது குடையும் நிற்காது, கோட்டும் நிற்காது என்பது எனக்கும் தெரியும். 2009இல் பாலம் திறக்க முன் படகுப் பாதையில் கடந்தவர்களைக் கேட்டால் அவர்கள் இன்னொரு புராணம் பாடுவார்கள், அது வேறு.

கம்பூட்ஸுக்குள் வெள்ளம் வருவது, மழைக்காற்சட்டையை அதற்குள் சொருகியதால்தான் இருக்கும். மேலே சொன்ன அதே பிழை. காற்சட்டை வெளியே தொங்கட்டும், கணுக்காலில் ஒரு ரப்பர் நாடா போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காற்றில் சேவற்கொண்டை மாதிரி எழும்பும். உட்கார்ந்தால் காற்சட்டை ஒரு சாண் மேலே ஏறும் என்பதையும் நினைத்து நீளமாக வாங்குங்கள். கடையில் நின்று அளவு பார்த்தால் சரியாகத்தான் இருக்கும், ஸ்கூட்டியில் உட்கார்ந்ததும் முழங்காலுக்குக் கீழே எல்லாம் மழைக்குத்தான். உட்காருகிற இடத்துத் தையலிலும் தண்ணீர் ஊறும், உள்பக்கமாகத் தையலின் மேல் நாடா ஒட்டியிருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்குங்கள். முன் சில்லின் மட்கார்ட்டுக்கு ஒரு ரப்பர்த் துண்டு நீளமாகப் பிடித்தால் காலில் அடிக்கிற சேறு பாதியாகக் குறையும், மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடையில் பழைய ரியூபை வெட்டிப் பிடித்துத் தருவார்கள்.

ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? இங்கே காலை நனையாமல் வைத்திருக்க முடியாது, வைத்திருக்கத் தேவையும் இல்லை. கனடாவில் நனைந்தால் விரல் போகும், அதனால் அங்கே நனையவே கூடாது. நம் மாரி மழை குளிக்கக்கூடிய சூட்டில்தான் பெய்கிறது. காற்றே ஈரமாக இருக்கிற இடத்தில் மழைக்கோட்டுக்குள்ளும் கம்பூட்ஸுக்குள்ளும் வியர்வை போக வழியே இல்லை, விலை கூடிய, காற்றுப் போகும் என்று விற்கிற துணியும் இந்தப் புழுக்கத்தில் பெரிதாக ஒன்றும் செய்யாது. மழையில் நனையாமல் போய் வியர்வையில் நனைந்து இறங்குவீர்கள். இங்கே பார்க்க வேண்டியது நனைந்த கால் எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்பதைத்தான்.

ஆகவே எங்கள் சந்தைக்காரர்கள் செய்வதைச் செய்யுங்கள். பின்வார் வைத்த ரப்பர்ச் செருப்பில் ஓடுங்கள். வெறும் பாட்டாச் செருப்பு வேண்டாம், காலை ஊன்றும்போது நழுவும், எனக்கு நழுவியிருக்கிறது, சுங்க வீதிச் சந்தியில் ஊரே பார்த்து நிற்க. சப்பாத்தும் மேசும் சின்னத் துவாய் ஒன்றும் சொப்பிங் பேக்கில் கட்டி இருக்கைக்குக் கீழே இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் காலைக் கழுவி, விரலிடுக்கெல்லாம் துடைத்து, ஐந்து நிமிடம் காற்றுப் பட விட்டு, அப்புறம் மேசைப் போடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் சேற்றுப்புண்.

கேள்வி: நனைந்த சப்பாத்தை ஒரே இரவில் காயவைக்க வழி சொல்லுங்கள். (வாசகர், சீனன்குடா)

பதில்: உள்தட்டைக் கழற்றுங்கள், பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள், ஒரு மணி நேரத்தில் அது ஊறிவிடும், எடுத்துவிட்டு வேறு தாள். படுக்கப் போக முன் தாளை எடுத்துவிட்டு மின்விசிறிக்கு முன்னால் வாய் பார்க்க வைத்துவிடுங்கள். அடுப்பில் காட்டினால் அடி கழன்றுவிடும். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் வைக்கலாமா என்று மனைவியிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சீனி வருத்தம். தம்பலகாமத்தில் வயல். மாரி முழுக்க வெள்ளத்திலும் சேற்றிலும்தான் நிற்கிறார், விரலிடுக்கு வெளுத்து வெடித்திருக்கிறது, வலிக்கவில்லை என்கிறார். என்ன செய்யலாம்? (மகள், தம்பலகாமம்)

பதில்: தங்கச்சி, வலிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சீனி வருத்தம் நரம்பைத் தின்றால் காலுக்கு வலி தெரியாது, புண் வளர்ந்துகொண்டே போகும். இதற்குப் பதில் எழுதி முடிக்கும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். வேறு வருத்தம் இல்லாத ஒருவருக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தால் குளோட்ரிமசோல் களிம்பு வாங்கிப் பூசு, ஆறியது போலத் தெரிந்தாலும் சில கிழமை தொடர்ந்து பூசு என்று சொல்லிவிடுவேன், அப்பா விஷயத்தில் சொல்ல மாட்டேன்.

காலைச் சுடுதண்ணீரில் வைக்க விடாதீர்கள். சூடு அவருக்குத் தெரியாது, வெந்துவிடும். ஒவ்வொரு இரவும் நீங்களே விளக்கைப் பிடித்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள், அவர் கூச்சப்படுவார், பரவாயில்லை.

இன்னொன்று எலிக்காய்ச்சல். வெடித்த காலோடு எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் நின்றால் அது உள்ளே போக வாசல் திறந்துவிட்டது போலத்தான். வயலில் இறங்குகிறவர்களுக்கு முன்கூட்டிக் குடிக்க டொக்சிசைக்கிளின் கொடுக்கிறார்கள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ உங்கள் பகுதிப் பொதுச் சுகாதார பரிசோதகரிடமோ கேளுங்கள், அப்பா குடிக்கிற மற்ற மருந்துகளையும் சொல்லிக் கேளுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும், வயலில் நின்றதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

கேள்வி: கால் விறைத்தால் சூடான தண்ணீரில் வைக்கலாம்தானே? எங்களுக்கென்ன, கன்னியா வெந்நீர்க் கிணறே இருக்கிறது! (வாசகர், பாலையூற்று)

பதில்: மழையில் நனைந்து கூதல் பிடித்த காலுக்குக் கன்னியா நல்ல மருந்துதான், ஆனால் அங்கே ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றத்தான் விடுவார்கள், காலை உள்ளே விட்டால் வரிசையில் நிற்கிறவர்கள் உங்களைக் கிணற்றுக்குள் விட்டுவிடுவார்கள்.

உப்புவெளி அக்காவின் மகன் மாதிரிப் பனியில் நிஜமாகவே விறைத்துப் போன கால் என்றால் கதை வேறு. விரல் மெழுகு போல வெளுத்து, தட்டினால் கட்டை போலச் சத்தம் வந்தால் தேய்க்கக் கூடாது, பனியை எடுத்துத் தேய்க்கவே கூடாது, நெருப்பிலும் காட்டக் கூடாது. 37 முதல் 39 பாகைத் தண்ணீரில், அதாவது குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில், காலை வைத்து ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். அதுவும் திரும்பக் குளிருக்குள் போக வேண்டியதில்லை என்று நிச்சயமானால் மட்டும், ஏனென்றால் உருகிய விரல் இரண்டாம் முறை உறைந்தால் முதலாவதைவிட மோசம். அன்றைக்கு அந்தக் குடிலில் வயதான மனிதர் என் காலுக்கு வேறு வைத்தியம் செய்தார். என் விரல் சிவந்துதான் இருந்தது, வெளுக்கவில்லை. அதைப் பார்த்ததும் தன் சட்டையைத் தூக்கி என் இரண்டு பாதத்தையும் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தூண்டிலைப் பிடித்தபடி ஹொக்கி மட்ச் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம். மீன் ஒன்றும் படவில்லை.